குரலும் பொருளும் ஒரே கணத்தில்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வேலை முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

'இணையவழி வெளியாகும் கற்பனை அனிமே தொடர்களுக்கு ஆங்கில டப்பிங் வளமா, இழப்பா?' என்பது இன்றைய தலைப்பு. அனிமே என்பது ஜப்பானிய அசைபடம். வளமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஜப்பானியக் குரலே படைப்பின் உயிர் என்றார். சப்டைட்டிலோடு, அதாவது திரையடி மொழிபெயர்ப்பு எழுத்தோடு, பார்ப்பதே படைப்பாளிக்குச் செய்யும் மரியாதை என்றார். ஆங்கில டப்பிங் அவசர கதியில் நடக்கும் வியாபாரம் என்று முடித்தார். தம் வாதத்துக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டது 'ஃப்ரீரென்' தொடர். அதே தொடரை வைத்தே அவருக்கு விடை சொல்ல விரும்புகிறேன்.

அறியாதோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனேஹிதோ யமடா கதை எழுத, த்சுகாசா அபே சித்திரம் வரைய, 2020ஆம் ஆண்டு ஜப்பானிய வார இதழொன்றில் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இது. மேட்ஹவுஸ் நிறுவனம் இதனை அனிமே ஆக்கியது. முதற்பருவத்தின் 28 அத்தியாயங்கள் 2023 செப்டெம்பர் இறுதியிலிருந்து 2024 மார்ச் வரை ஒளிபரப்பாகின. அசுரவேந்தனை வென்று திரும்பும் நால்வர் அணியில் ஒருத்தி ஃப்ரீரென். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட எல்ஃப் என்னும் நெடுவாழ்வுக் கற்பனை இனத்தவள். மற்றவர்களின் வாழ்வையே மாற்றிய பத்தாண்டுப் பயணம் அவளுக்குக் கண் இமைக்கும் நேரம். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவள் திரும்பி வரும்போது, அணித் தலைவன் ஹிம்மெல் தலை வழுக்கையான கிழவனாக நிற்கிறான். சில காலத்தில் இறந்தும் போகிறான். போர் முடிந்த பிறகு தொடங்கும் கதை இது. அதனால்தான் இதில் வாளைவிட மௌனத்துக்கு வேலை அதிகம்.

அந்த மௌனத்தைத்தான் சப்டைட்டில் குலைக்கிறது என்கிறேன். முதல் அத்தியாயத்தில் ஹிம்மெலின் இறுதிச் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கூட நடந்தவன் செத்துக் கிடக்கிறான், இவள் முகத்தில் ஒரு துக்கமும் இல்லையே என்று ஊரார் முணுமுணுக்கிறார்கள். அவளும் கல் போலவே நிற்கிறாள். பிறகு, பத்தே ஆண்டுகள்தான் சேர்ந்து பயணம் செய்தோம், இவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே என்று தொடங்குகிறாள். மனிதரின் ஆயுள் குறுகியது என்று தெரிந்திருந்தும் ஏன் இவனை அறிந்துகொள்ள முயலவில்லை என்று கேட்கும்போது குரல் உடைகிறது. அந்தக் கேள்வியை நோக்கித்தான் அதுவரை வந்த காட்சிகள் எல்லாம் நகர்ந்து வந்திருக்கின்றன.

இதைச் சப்டைட்டிலோடு பார்ப்பவருக்கு என்ன நடக்கிறது? அவள் வாய் திறந்த கணத்திலேயே முழு வாக்கியமும் திரையின் அடியில் எழுந்துவிடுகிறது. நம் கண் அதை ஒரு நொடியில் படித்து முடித்துவிடுகிறது. அவள் தயங்குவதும் மூச்சை இழுப்பதும் சொல்லைத் தேடுவதும் நமக்கு விடை தெரிந்த பிறகு நடக்கின்றன. அழுகையின் காரணத்தை அழுகைக்கு முன்னரே வாசித்துவிட்டு, அழுகைக்காகக் காத்திருக்கிறோம். ஆங்கில வடிவத்தில் ஃப்ரீரெனுக்குக் குரல் கொடுத்த மாலரி ரோடக் அதே இடத்தைத் தாழ்ந்த, ஏற்ற இறக்கமில்லாத குரலில் தொடங்கி, தன் சொல்லே தன்னை வந்து தாக்கியதுபோல் உடைய விடுகிறார். அவளுக்கு அந்த உண்மை புலப்படும் அதே கணத்தில்தான் நமக்கும் புலப்படுகிறது. பொருளும் குரலும் ஒன்றாக வந்து சேரும் அந்தக் கணம்தான் நடிப்பின் பயன். ஜப்பானிய மொழி அறிந்தவருக்கு அது மூலத்திலேயே கிடைக்கும். எதிரணித் தலைவருக்கும் எனக்கும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும்.

இன்னொரு காட்சியும் உண்டு. இதைக் குறித்து எதிரணியினர் பேசாமல் விட்டது எனக்கு வியப்பாக இருந்தது. இத்தொடரில் வரும் அசுரர்கள் மனிதரைப் போலப் பேசுவது மனிதரை ஏமாற்றுவதற்காக மட்டுமே. பிடிபட்ட அசுரச் சிறுமி ஒருத்தி, கொல்லப்படப் போகும் தறுவாயில் 'அம்மா' என்று அழைக்கிறாள். ஊர் இரங்கி அவளுக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிறது. பின்னர் அவளாலேயே அங்கு உயிர் போகிறது. தாய் என்ற எண்ணமே இல்லாத உங்கள் இனத்துக்கு அந்தச் சொல் எதற்கு என்று ஃப்ரீரென் கேட்க, அதைச் சொன்னால் உங்களால் எங்களைக் கொல்ல முடியாமற் போகிறதே என்பதுதான் விடையாக வருகிறது. இந்தக் காட்சி வேலை செய்ய வேண்டுமென்றால், ஊராரோடு சேர்ந்து பார்வையாளனும் ஏமாற வேண்டும். காதில் விழும் குழந்தைக் குரலுக்கு நெஞ்சு இளகும்; திரையடியில் வாசிக்கும் எழுத்து அந்த அளவுக்கு யாரையும் இளக்குவதில்லை. குரலின் வஞ்சகத்தைப் பற்றிய ஒரு காட்சியை வாசித்துத் தெரிந்துகொள்வது எப்படி மூலத்துக்குச் செய்யும் மரியாதையாகும்?

அடுத்து, ஜப்பானியக் குரலே உயிர் என்ற வாதம். அத்சுமி தனேசாகியின் நடிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'ஸ்பை ஃபேமிலி' தொடரின் சின்னஞ்சிறு ஆன்யாவுக்கும், ஆயிரம் வயதைத் தாண்டிய ஃப்ரீரெனுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே என்பதை நினைக்கும்போது கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால், நடிகர் நேரில் நின்று நடிக்கும் படத்தில் முகமும் குரலும் ஒரே உடம்புக்கு உரியவை. அங்கே குரலை மாற்றுவது ஓர் ஒட்டுவேலை என்று நீங்கள் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். அனிமேயில் அப்படி ஓர் உடம்பு இல்லை. அங்கே இருப்பது சித்திரம். ஜப்பானிலும் நடிகர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பல வேளைகளில் சித்திரம் முழுமை பெறும் முன்னரே பேசி முடிக்கிறார்கள். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதாய்த் திறந்த வாய் என்று பெரும்பாலும் மூன்றே வடிவங்களில் அசையும் அந்த உதடுகள் எந்த மொழிக்கும் சொந்தமானவை அல்ல. இத்தொடரின் உலகமோ இடைக்கால ஐரோப்பாவின் சாயலில் அமைந்தது. பாத்திரங்களின் பெயர்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழிச் சொற்கள். இசையமைத்த இவான் கோல் அமெரிக்கர். இத்தனை மண்ணிலிருந்து எடுத்துக் கட்டிய ஒரு வீட்டுக்குள் ஆங்கிலம் மட்டும் அந்நியம் என்று சொல்வதற்கு எதிரணியினர் இன்னும் வலுவான காரணம் காட்ட வேண்டும்.

அவசர வியாபாரம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஜப்பானிய ஒளிபரப்புக்குச் சில வாரங்கள் மட்டுமே பின்தங்கி ஆங்கில வடிவம் வெளியாகும் வழக்கம் இந்தப் பத்தாண்டில் வேரூன்றிவிட்டது. ஜப்பானில் நடிகர்கள் கூடி நின்று பேசும் மரபு உண்டு. ஆங்கிலத்திலோ ஒவ்வொருவரும் தனித்தனியே கண்ணாடி அறைக்குள் நின்று பேசுகிறார்கள். மூன்று பீப் ஒலிகள் காதில் விழும். நான்காவது விழ வேண்டிய இடத்தில், எதிரே பதில் சொல்ல ஆளில்லாமல், சரியான உணர்வோடு பேச்சைத் தொடங்க வேண்டும். இந்த முறையால் சில தொடர்களில் உரையாடல் உயிரற்றுக் கிடப்பதை நானும் கேட்டிருக்கிறேன். அந்தத் தொடர்களுக்காக நான் வாதாடவில்லை. இத்தனை இடர்ப்பாட்டுக்கு நடுவிலும், ஃப்ரீரெனின் சீடப் பெண் ஃபெர்ன் கோபத்தை உள்ளே அடக்கிக்கொண்டு மரியாதையாகப் பேசும் இடங்களில், அந்த மரியாதைக்குள்ளேயே கோபம் கேட்கும்படி ஜில் ஹாரிஸ் பேசியிருக்கிறாரே, அதற்காக வாதாடுகிறேன். கூடப் பேச ஆளில்லாத அறையிலிருந்து அப்படி ஓர் உறவை எழுப்புவதற்கு மிகுந்த பயிற்சி வேண்டும்.

குரலின் அருமையைக் கொழும்புக்கு வந்து எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். முகமே தெரியாத குரல்களைக் குடும்பத்தவராக ஏற்றுக்கொண்ட தலைமுறை உங்களுடையது. நம் சிங்கள நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். ரூபவாஹினித் தொலைக்காட்சியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்குக் கொண்டுவந்த டொக்டர் டூலிட்டில் கார்ட்டூனை ஒரு வெளிநாட்டுச் சரக்காக அவர்கள் பேசுவதே இல்லை. தங்கள் பிள்ளைப் பருவத்தின் சொத்தாகப் பேசுகிறார்கள். டப்பிங் என்பதும் ஒரு படைப்பு என்பதற்கு நம் ஊரே சாட்சி சொல்கிறது.

அப்படியானால் தமிழில் டப்பிங் கேட்க வேண்டியதுதானே, ஆங்கிலத்துக்கு ஏன் வக்காலத்து என்று எதிரணித் தலைவர் மடக்கினார். தமிழில் வரட்டும் என்று முதலில் கைதட்டுபவன் நானாகத்தான் இருப்பேன். 'சோலோ லெவலிங்' போன்ற தொடர்கள் தமிழிலும் வந்திருக்கின்றன; அவை பெருக வேண்டும். ஆனால் இந்த நகரத்தில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பறங்கியர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்து, ஒரே தொடரைப் பார்த்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் அதையே பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து கேட்கக்கூடிய மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருக்கிறது. கண்ணில் புரை விழுந்து திரையடி எழுத்தை வாசிக்க முடியாத, ஆனால் ஆங்கிலம் நன்றாக விளங்கும் அம்மம்மா ஒருவர் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து ஹிம்மெலுக்காகக் கண் கலங்குவதற்கு வழி செய்வதும் அதுவே.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூலத்தின் உயிர் குரலில் இருக்கிறது என்கிறீர்கள். அந்தக் குரல் பேசி முடிப்பதற்கு முன்னரே அதன் பொருளைக் கண்ணால் வாசித்து முடித்துவிடும் ஒருவர், ஹிம்மெலின் சவப்பெட்டி அருகே அந்தத் தயக்கத்தை எப்படிக் கேட்கிறார்? இதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடருமாறு அவரை நடுவர் அவர்கள் பணிக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.