ஆண்டுக் கட்டணம் கட்டினால் ஹோட்டலில் அது திரும்பி வருமா?

வணக்கம் நண்பர்களே. பிரீமியம் கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டலாமா, வேண்டாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஏர்போர்ட் லவுஞ்ச், இன்ஷூரன்ஸ் இதையெல்லாம் இன்றைக்குத் தொடப் போவதில்லை. ஹோட்டல் சலுகைகளை மட்டும் பார்ப்போம். கட்டணத்தைவிட இரண்டு மடங்கு திரும்பக் கிடைக்கும் என்று விளம்பரத்தில் கணக்குக் காட்டுகிறார்களே, அதில் பெரிய தொகைகள் பெரும்பாலும் ஹோட்டல் சலுகைகளில்தான் இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சலுகைக்கு நீங்கள்தான் விலை போட வேண்டும். வங்கி போட்ட விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்டு கையில் இல்லாவிட்டால் அதே விஷயத்துக்கு எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ, அதுதான் உங்களுக்கு அதன் மதிப்பு. அப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு ஓரிரு முறை ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. அடிக்கடி தங்கி, தங்குகிற ஹோட்டலை அவர்களே தேர்ந்தெடுக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பணம் எதுவாக இருந்தாலும் சரி, ஆண்டுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். கார்டில் 60க்கு ஹோட்டல் கிரெடிட் உண்டு, அதாவது ஹோட்டல் செலவில் 60ஐக் கார்டு கம்பெனி திருப்பித் தரும் என்கிறார்கள். மீதி 40 தானே என்று தோன்றும். கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அந்த 60 ஒரே தடவையில் வராது. ஆறு மாதத்துக்கு 30 என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள், முதல் பாதியை விட்டால் போனது போனதுதான். கார்டு கம்பெனியின் போர்ட்டலில்தான், அதாவது அவர்களுடைய புக்கிங் தளத்தில்தான், புக் செய்ய வேண்டும், முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், சில திட்டங்களில் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும்.

இப்போது நீங்கள் வழக்கமாக இரவுக்கு 20 கொடுத்துத் தங்குகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்கு 40. கிரெடிட் செல்லுபடியாகிற பட்டியலில் உள்ள ஹோட்டல் இரவுக்கு 45. இரண்டு இரவுக்கு 90, அதில் 30 கழிந்து 60. ஸ்டேட்மென்ட்டில் 30 மிச்சம் என்று காட்டும். உங்கள் பையிலிருந்து போனதோ வழக்கத்தைவிட 20 அதிகம். நல்ல ஹோட்டலில் தங்கினீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதிக்காக 50 கூடுதலாகக் கொடுக்க நீங்கள் எப்போதாவது தயாராக இருந்தீர்களா? இல்லையென்றால் அந்த 30ஐ முழு 30 ஆகக் கணக்கில் ஏற்றாதீர்கள். உங்களுக்கு அது 10 பெறும் என்றால் 10 என்றே எழுதுங்கள்.

அப்புறம் விலை. போர்ட்டலில் ஒரு ஜன்னல், ஹோட்டலின் சொந்தத் தளத்தில் ஒரு ஜன்னல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். தேதி, அறை வகை, ரத்து விதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வரி சேர்ந்த கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். ஹோட்டல் தளத்தில் இலவசமாக மெம்பர் ஆனாலே ஒரு தள்ளுபடி விலை கிடைப்பது வழக்கம். போர்ட்டலில் அது பல நேரம் இருக்காது. அந்த வித்தியாசத்தைக் கிரெடிட்டிலிருந்து கழித்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. மாரியட், ஹில்டன், ஹயாத் போன்ற பெரிய சங்கிலிகள் வெளித் தளங்களில் புக் செய்த தங்கலுக்குப் பொதுவாகப் பாயிண்ட்ஸ் (சேர்த்து வைத்து இலவசமாகத் தங்க உதவும் புள்ளிகள்) தருவதில்லை, தங்கிய இரவுகளையும் உங்கள் மெம்பர் கணக்கில் சேர்ப்பதில்லை. கார்டு கம்பெனிகளின் சாதாரண டிராவல் போர்ட்டலுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஆடம்பர ஹோட்டல்களுக்கென்று அவர்கள் தனியாக நடத்துகிற தொகுப்புகளில் நிலைமை வேறு, அங்கே பாயிண்ட்ஸும் பல இடங்களில் வந்துவிடும்.

அந்தத் தொகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், கட்டணத்துக்கு உண்மையில் ஈடு கொடுப்பவை அவைதான் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டின் ஃபைன் ஹோட்டல்ஸ் அண்டு ரிசார்ட்ஸ் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு பேருக்குக் காலை உணவு. ஹோட்டலுக்குள் செலவழிக்க ஒரு தொகை. அறை இருந்தால் மதியம் 12 மணிக்கே செக்-இன். இருந்தால் அப்கிரேடு, அதாவது அதே விலைக்கு இன்னும் நல்ல அறை. மாலை 4 மணி வரை செக்-அவுட், இதில் மட்டும் 'இருந்தால்' கிடையாது, உறுதி. இந்த ஒரு சொல்லைத்தான் எல்லாக் கார்டிலும் தேடச் சொல்கிறேன். விசா இன்ஃபினிட் கார்டுகளின் ஹோட்டல் தொகுப்பிலும் காலை உணவு உண்டு, தாமதமான செக்-அவுட்டும் உண்டு. ஆனால் அந்தச் செக்-அவுட் நீங்கள் கேட்டு, அவர்களிடம் அறையும் இருந்தால்தான். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஹோட்டல் நிரம்பியிருக்கும் நாளில் வித்தியாசம் தெரியும்.

இரவு 9 மணிக்கு விமானம் என்றால் இந்த 4 மணி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரணமாக 11, 12 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியை ரிசப்ஷனில் போட்டுவிட்டு, வெயிலோ மழையோ வெளியே சுற்ற வேண்டும். குழந்தைகள் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். 4 மணி என்றால் வெளியே போய்விட்டு வந்து குளித்து, உடை மாற்றி, ஒரு தூக்கமும் போட்டுக் கிளம்பலாம். இதற்காக அரை நாள் வாடகை கொடுத்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிக் கொடுக்கிறவர் என்றால் அந்த வாடகையைத் தைரியமாகக் கணக்கில் எழுதுங்கள்.

காலை உணவுக்கு அப்படி எழுதாதீர்கள். ஹோட்டல் பஃபே விலைப் பலகையில் இருக்கும் தொகை பெரியது. கார்டு இல்லாவிட்டால் அந்தத் தொகை கொடுத்து அங்கேயே சாப்பிட்டிருப்பீர்களா, இல்லை வெளியே போய்ச் சாப்பிட்டிருப்பீர்களா? வெளியே என்றால் வெளியே ஆகிற செலவுதான் உங்கள் மிச்சம். 'இரண்டு பேர்' என்பதையும் கவனியுங்கள். நான்கு பேர் குடும்பம் என்றால் மற்ற இருவருக்கு பில் வரும் ஹோட்டல்கள் உண்டு. புக் செய்வதற்கு முன்னாலேயே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்டேட்டஸ், அதாவது ஹோட்டல் சங்கிலிகள் மெம்பர்களுக்குக் கொடுக்கும் கோல்டு, பிளாட்டினம் போன்ற தட்டுகள். சில கார்டுகளோடு இதுவும் வரும். இந்த விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கோல்டு என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. மாரியட்டில் கோல்டுக்குக் காலை உணவு கிடையாது. தாமதச் செக்-அவுட் மதியம் 2 மணி வரை, அதுவும் வசதிப்பட்டால். காலை உணவு, லவுஞ்ச் எல்லாம் 50 இரவு தங்கினால் வரும் பிளாட்டினம் தட்டில்தான் தொடங்குகிறது, அங்கேயும் ரிட்ஸ்-கார்ல்டன் மாதிரி பிராண்டுகளில் இலவசக் காலை உணவு இல்லை. ஹில்டன் கோல்டு இதைவிடப் பயனுள்ளது, பல நாடுகளில் காலை உணவு உண்டு. அமெரிக்காவில் மட்டும் 2021இல் அதை எடுத்துவிட்டு உணவுக் கிரெடிட் தர ஆரம்பித்தார்கள். அப்கிரேடைப் பொறுத்தவரை, கார்டு வழியாகவே கோல்டு வாங்கியவர்கள் அந்த வரிசையில் ஏராளம். அன்றைக்கு மிச்சமிருக்கும் நல்ல அறைகளோ கொஞ்சம், அவையும் மேல் தட்டில் இருப்பவர்களுக்குப் போன பிறகுதான். ஆபீஸ் வேலையாகப் பயணம் செய்து ஏற்கெனவே பிளாட்டினம் ஆனவர் என்றால் கார்டு தரும் கோல்டு உங்களுக்குப் பூஜ்யம்.

ஹோட்டல் சங்கிலிகளே வங்கியோடு சேர்ந்து தரும் கார்டுகளில் ஆண்டுக்கு ஓர் இலவச இரவு வரும். கட்டணம் குறைவான கார்டு என்றால் அந்த ஓர் இரவே கட்டணத்தை மீட்டுவிடும், அதை நான் மனதாரச் சொல்வேன். ஆனால் அந்த இரவுக்குப் பல கார்டுகளில் ஒரு பாயிண்ட்ஸ் உச்சவரம்பு உண்டு (அதைவிட அதிகப் பாயிண்ட்ஸ் கேட்கும் ஹோட்டலில் அது செல்லாது), காலாவதித் தேதியும் உண்டு. எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட்ஸ் என்ற நிலையான அட்டவணையை மாரியட் 2022இல் எடுத்துவிட்டது. அதன் பிறகு, சாதாரண நாளில் வரம்புக்குள் வருகிற அதே ஹோட்டல் விடுமுறைக் காலத்தில் வரம்பைத் தாண்டிவிடலாம். பள்ளி விடுமுறையில் மட்டுமே பயணம் செய்ய முடிகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஹோட்டல்களில் அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று தனியாகப் போடுவார்கள். பாயிண்ட்ஸில் தங்கினால் ஹில்டனும் ஹயாத்தும் அதை விட்டுவிடும். மாரியட் விடாது, இலவச இரவு என்று போய் பில்லோடு வரலாம்.

வங்கிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், ஹோட்டல் கம்பெனிகள் பாயிண்ட்ஸை மொத்தமாக வங்கிகளுக்கு விற்கின்றன. கிரெடிட்டாக இருந்தாலும் இலவச இரவாக இருந்தாலும் நீங்கள் பயன்படுத்தாமல் விட்டது அவர்களுக்கு மிச்சம். ஆறு மாதக் கெடுவும் காலாவதியும் அங்கேதான் வேலை செய்கின்றன. கார்டு பில்லை மாதாமாதம் முழுதாகக் கட்ட முடியாதவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்தக் கார்டுகள் பக்கமே போகாதீர்கள், எந்தக் காலை உணவும் அந்த வட்டிக்கு ஈடாகாது.

முதல் வருஷத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சேரும்போது கொடுக்கும் போனஸ் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இரண்டாவது கட்டணம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் உட்காருங்கள். போன பன்னிரண்டு மாதத்து ஹோட்டல் பில்களை எடுத்து, கார்டால் நிஜமாகவே கையில் நின்ற பணத்தை மட்டும் கூட்டுங்கள். கட்டணத்துக்குக் கீழே வந்தால் வங்கியைக் கூப்பிட்டு, கட்டணத்தைக் குறைப்பீர்களா, கட்டணமில்லாத கார்டுக்கு மாற்றுவீர்களா என்று கேளுங்கள். அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். வர வேண்டிய கிரெடிட் ஸ்டேட்மென்ட்டில் ஏறிவிட்டதா? இந்தக் கார்டை வைத்துப் போட்ட புக்கிங் ஏதாவது இனிமேல்தான் தங்க வேண்டியதாக இருக்கிறதா? அப்படி இருந்தால் அந்தத் தங்கல் முடிந்து பில் கையில் வரும்வரை கார்டை மூடாதீர்கள்.