அந்தக் கதையை நான் சொல்ல மாட்டேன்

வணக்கம் நேயர்களே.

சமூகப்பணி பற்றிய இந்த உரைக்கு என்னை அழைத்தபோது வானொலி நிலையத்தார் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். "உங்கள் பணியில் மனதை உருக்கிய ஒரு சம்பவத்தோடு தொடங்குங்களேன்" என்றார்கள். நியாயமான வேண்டுகோள்தான். ஆனால் நான் சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பெயரை மாற்றினாலும், அந்தக் கதைக்கு உரியவர் இப்போது இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால், அது தன் கதைதான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். "நம்பிச் சொன்னேனே" என்று அவர் மனம் ஒரு கணம் சுருங்கும். அப்படிச் சுருங்கிய மனம் அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்காது.

ஆக, தொழில்முறைச் சமூகப்பணியின் ஒரு கோட்பாட்டைச் சொல்லாமலே சொல்லிவிட்டேன்: இரகசியம் காத்தல். அதற்கும் எல்லை உண்டு. ஒரு குழந்தை வதைபடுகிறது என்று தெரிய வந்தால், ஒருவர் தன் உயிரையோ பிறர் உயிரையோ பறிக்கத் துணிந்துவிட்டார் என்று தெரிந்தால், வாய் மூடி இருக்க முடியாது. ஆனால் இந்த எல்லையை எப்போது சொல்கிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. எதிரே இருப்பவர் அழுது முடித்த பிறகு "இதை நான் மேலே தெரிவித்தாக வேண்டும்" என்பது ஏமாற்று. முதல் சந்திப்பில், அவர் எதையும் சொல்லத் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

சமூகப்பணி படித்தவர் என்று அறிமுகப்படுத்தினால், "சேவையா? நல்ல மனசு உங்களுக்கு" என்பார்கள். பாராட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனசு மட்டும் என்ன செய்யும் என்பதற்கு இந்தத் தொழிலின் முன்கதையே சாட்சி. 1869-இல் லண்டனில் அறச்செயல் ஒழுங்கமைப்புச் சங்கம் தொடங்கியது. அதைப் பின்பற்றிய அமைப்புகளில் நல்ல மனசுக்காரர்கள் ஏழைகளின் வீடு வீடாகப் போனார்கள். உதவிக்குத் தகுதியான ஏழை யார், தகுதியற்ற ஏழை யார் என்று பிரிப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. அப்படியோர் அமைப்பிலிருந்து வந்த அமெரிக்கப் பெண்மணி மேரி ரிச்மண்ட், 1917-இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழக்கத்தை நிலைநிறுத்தினார்: முடிவுக்கு வருமுன் ஆதாரம் திரட்டு; அந்த மனிதரைச் சுற்றியுள்ள குடும்பம், வேலை, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பார்.

சிகாகோவில் 1889-இல் ஹல் ஹவுஸ் என்னும் சமூக இல்லத்தைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் வேறு வழியில் போனார்கள். ஏழைகளைப் பார்க்கப் போய்வரவில்லை. அவர்கள் நடுவிலேயே குடியேறினார்கள். அந்தப் பகுதியில் குப்பை அள்ளப்படாமல் கிடந்தபோது, 1895-இல் ஆடம்ஸ் குப்பை ஆய்வாளர் பதவியையே ஏற்றுக்கொண்டார். 1931-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. எனக்கென்னவோ அந்தக் குப்பைப் பதவிதான் பெரிதாகத் தெரிகிறது. "சுத்தமாக இருங்கள்" என்று தாய்மார்களுக்குப் பாடம் எடுப்பது எளிது. குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று விடியற்காலையில் தெருவில் இறங்கிப் பார்ப்பது வேறு வேலை.

1957-இல் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்னும் கத்தோலிக்கக் குருவானவர், சமூகப்பணியாளர் தன்னிடம் வருபவரோடு பழகுவதற்கான ஏழு கோட்பாடுகளை வகுத்தார். தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாணவர்கள் வரிசையாக ஒப்பிப்பார்கள். நான் அதைச் செய்யப் போவதில்லை. ஒவ்வொருவரையும் தனியொருவராகக் காண்பது, உள்ளபடி ஏற்பது, குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்ப்பு வழங்காதிருப்பது, இவையெல்லாம் அதில் அடக்கம். எல்லாவற்றிலும் கடினம் சுயநிர்ணயம்: தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவரே எடுக்க விடுவது.

ஒரு கற்பனை நிலைமையைச் சொல்கிறேன். தனியாக வாழும் மூதாட்டி. குளியலறையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மகன் நம்மிடம் வருகிறார். அம்மாவோ, "செத்தாலும் இந்த வீட்டில்தான்" என்கிறார். நமக்கும் உள்ளுக்குள் மகன் சொல்வதே சரி என்று படுகிறது. இங்கேதான் பயிற்சி பெற்றவர் தடுமாறாமல் நிற்க வேண்டும். அம்மாவுக்குத் தெளிவான நினைவு இருக்கிறதா? விழுந்தால் என்ன ஆகும் என்று புரிந்துதான் சொல்கிறாரா? ஆம் என்றால், அந்த ஆபத்தை ஏற்கும் உரிமை அவருடையது. மகனுக்கு நம்மீது கோபம் வரும். வரட்டும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதில்லை. வேலையே அப்புறம்தான் தொடங்குகிறது. குளியலறையில் கைப்பிடி, தினம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஓர் ஆள், வீட்டுக்கு வரும் செவிலியர் என்று எது எங்கே கிடைக்கும் எனக் கண்டுபிடித்து அவரோடு சேர்த்துவைக்க வேண்டும். பாடப்புத்தகம் இந்தப் பங்கைத் தரகர் என்கிறது. தமிழில் அந்தச் சொல்லில் கமிஷன் வாடை அடிக்கிறது. இணைப்பாளர் என்று சொல்லிக்கொள்வோம். உரிய உதவித்தொகையை அலுவலகம் இழுத்தடித்தால் மூதாட்டிக்காகப் பரிந்து பேசுபவர் ஆகிறோம். மகனும் தாயும் முகம் பார்த்துப் பேசும்படி நடுவில் உட்காரும்போது நடுவர் அல்ல, இணக்குவிப்பவர். ஒரே மனிதர், ஒரே வாரத்தில், மூன்று வேடம்.

மருத்துவக் கல்வியை ஆராய்ந்து பெயர்பெற்ற ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், 1915-இல் இதையே குறையாகச் சொன்னார். மற்ற தொழில்களை இணைத்துவைக்கும் வேலை எப்படித் தனித் தொழிலாகும் என்பது அவர் கேள்வி. சமூகப்பணியாளர்கள் வெகுகாலம் இதற்காக மனம் நொந்தார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மருத்துவர் எலும்பைப் பார்க்கிறார், வழக்கறிஞர் சொத்தைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே மூதாட்டியுடையவை என்று யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டுமல்லவா?

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். என்றாவது நீங்கள் ஒரு சமூகப்பணியாளர் முன்னால் உட்கார நேர்ந்தால், கூச்சப்படாமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "நான் சொல்வதில் எதையெல்லாம் எழுதி வைப்பீர்கள்?" "அதை யார் யார் படிப்பார்கள்?" நேரடியான பதில் வரும்வரை உங்கள் கதையைத் தொடங்க வேண்டாம்.

வணக்கம்.