சிக்னல் இல்லாத வெள்ளம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வாவிக்கரைக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்குள் வந்து வியர்த்துக்கொண்டிருக்கும் சபையோரே, வணக்கம்.

தூரத்து இயற்கைப் பேரிடர்களை உலகம் விளங்கிக்கொள்ளச் சமூக ஊடகம் உதவுகிறதா, குழப்புகிறதா? குழப்புகிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தங்கை துருக்கியைச் சொன்னார். 2023 பெப்ரவரி நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்குள் கிடந்தவர்கள் போனிலிருந்து இருப்பிடத்தை அனுப்பி உயிர் தப்பினார்கள் என்றார். உண்மைதான், மறுத்தால் பாவம். ஆனால் நடுவர் அவர்களே, அங்கே ஓடிப்போய்த் தூக்கியது கிட்ட இருந்தவன். நம் தலைப்போ எட்ட இருப்பவனைப் பற்றியது.

2011 ஜனவரிக்கு வாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு வெள்ளம்: அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒன்று, இங்கே ஒன்று. அங்கே ட்விட்டரில் வெள்ளத்துக்கென்றே தனி ஹேஷ்டேக். பொலிசாரே முகநூலில் இருந்து தகவல் கொடுத்தார்கள், வதந்திகளை ஒவ்வொன்றாக மறுத்தார்கள். கெட்டித்தனம்தான், குறை சொல்லவில்லை. இங்கே? இலங்கையில் 10 இலட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பெரிய அடி வாங்கியதில் நம் மட்டக்களப்பும் ஒன்று. படுவான்கரையில் கதிர் தள்ளிய வேளாண்மை தண்ணீருக்குள் கிடந்து அழுகிய நாற்றம் இந்தச் சபையில் பலருக்கு இன்னும் மூக்கில் நிற்கும். அந்த நாற்றத்துக்கு என்ன ஹேஷ்டேக் போடுவது? எட்ட இருந்தவனுக்கு அந்த வாரம் வெள்ளம் என்றால் பிரிஸ்பேன்தான்.

படம் கிடைக்காத இடத்தில் வேறொரு படம் வந்து குந்திக்கொள்ளும். 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது தங்கையை அணைத்தபடி நிற்கும் ஒரு சிறுவனின் படத்தை உலகமே பகிர்ந்து அழுதது. அது 2007இல் வியட்நாமில் எடுத்த படம்! அதை விடுங்கள், போன டிசம்பர் 26 என் மருமகன் ஒரு காணொளியை நீட்டி, "மாமா, நம்மட கல்லடி சுனாமி" என்றான். கறுத்த தண்ணீர் உயரமான மதிலைத் தாண்டிக் கொட்டுகிறது. அது 2011 ஜப்பான். "டேய், கல்லடிக் கடற்கரையில எங்கடா மதில்?" என்றேன். நவலடியில் சனத்தைப் பறிகொடுத்த ஊர்ப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், ஒஸ்லோவில் இருப்பவனை என்ன சொல்வது?

மணி அடிக்கிறார்கள், ஒன்றே ஒன்று. 2024 நவம்பர் கடைசி, கிரான் பக்கம் வீதி தண்ணீருக்குள். தோணியில் வந்திறங்கிய ஒரு பெரியவர், மூன்று நாளாகச் செத்துக் கிடந்த போனைக் கடையில் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு, ஈரச் சாரத்தோடு பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றார். போனுக்கு உயிர் வந்ததும் திறந்து பார்த்தார். ஒரு மாதப் பழைய காணொளி: வலென்சியாத் தெருவில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. என்னிடம் நீட்டிச் சொன்னார்:

"ஸ்பெயினில வெள்ளமாம் தம்பி. பாவங்கள்."