கட்சி வேறானால் வாசலும் வேறா?

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் நகராட்சிக்கு ராஜாஜியும் ஈரோடு நகராட்சிக்குப் பெரியாரும் தலைவர்களாக இருந்த நாளிலேயே இருவருக்கும் நல்ல பழக்கம். இருவரும் காங்கிரசில் சேர்ந்து வேலை செய்தார்கள். 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்கப்புறம் இருவரும் அரசியலில் எதிரும் புதிருமாகத்தான் நின்றார்கள்.

எதிர்ப்பு என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. ராஜாஜி ஆட்சிக்கு வந்து பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்த பெரியார் 1938இல் சிறைக்குப் போனார். தன் நண்பரின் ஆட்சியில்தான் போனார். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். அது குலக்கல்வி என்று பெரியார் ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகும்படி ஆயிற்று. இதில் பெரியார் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. நேயர்களில் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், சரி.

நடுவில் 1949இல் ஒரு விஷயம் நடந்தது. மணியம்மையை மணப்பது பற்றிப் பெரியார் யோசித்துக்கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலைக்கு வந்த ராஜாஜியைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். அந்தத் திருமணத்தை ஒட்டித்தான் திராவிடர் கழகம் உடைந்து திமுக பிறந்தது. கட்சியை உடைக்க ராஜாஜி சொல்லிக்கொடுத்த யோசனை இது என்று பழி கிளம்பியது. அரசியல் எதிரியின் அந்தரங்கம் கையில் இருக்கிறது. சொன்னால் தன் மேல் விழுந்த பழியும் நீங்கும். ராஜாஜி வாயே திறக்கவில்லை. நட்பில் பேசியதை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு அவரிடம் இருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டு அழுதார்.

அந்தக் காலமே வேறு, அந்த மனிதர்களே வேறு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றும் மேடையில் கொச்சைப் பேச்சு இருந்தது, கல்லெறி இருந்தது. 1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்காகத்தான் ஓட்டுக் கேட்டார். வென்ற அண்ணாவோ திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார். பிரிந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. போகாமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்று ஊரில் என்ன நடக்கிறது? ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆனாலும் அந்தத் தேர்தல் முடிந்த ஊரில் பங்காளிகள் இரண்டாகி நிற்பதைப் பார்க்கிறோம். மொய் நோட்டைப் புரட்டினாலே தெரியும். மூன்று தலைமுறையாக வந்துகொண்டிருந்த ஒரு வீட்டுப் பெயர் அந்த வருடத்தோடு நின்றுபோயிருக்கும். டீக்கடையில் கத்திப் பேசுவதை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன். கத்தட்டும், விலைவாசியும் சாலையும் பள்ளிக்கூடமும் கத்திப் பேச வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விடுவதும், இழவு வீட்டுக்குப் போகாமல் இருப்பதும் மனசை ரொம்ப வேதனைப்படுத்துகிறது. எந்தத் தலைவரும் நம்மை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் அடுத்த தேர்தலில் கூட்டணி மாறிக்கொள்வார்கள். சித்தப்பா வீட்டுக்கும் நமக்கும் பேச்சு நின்றது நின்றதுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதில் பாதி, தலைவர்களின் சாதி, உடம்பு, வீட்டுப் பெண்கள் பற்றித்தான். இதைக் கருத்து என்று எப்படிச் சொல்வது? நம் கட்சிக்காரரே அனுப்பினாலும், "மாமா, இது வேண்டாம், வரி, விலைவாசி பற்றிப் பேசுங்கள்" என்று குழுவிலேயே சொல்லலாம். எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் சண்டை வரும், நம் ஆள் சொன்னால் கேட்பார்கள்.

இந்த மாத முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்சிக்காகப் பட்டியலில் அடித்த பெயர் ஏதாவது இருந்தால் திரும்பச் சேருங்கள். தபாலில் போடாமல் நேரில் போய்க் கொடுங்கள்.

வணக்கம்.