பாட்டைக் கேட்டுப் படம் போடுவது

வணக்கம். இசையைக் கேட்டு ஓவியம் வரைவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் மழை வந்தால் மழையையும் நிலா வந்தால் நிலாவையும் வரைகிறோமே, அது வரிகளுக்குப் போட்ட படம், அதில் இசைக்கு வேலையே இல்லை. ராகங்களை ஆட்களாக வரைந்த பழைய ராகமாலா ஓவியங்களில் தோடி ராகினி வீணையோடு நிற்பாள், மான்கள் சூழ்ந்திருக்கும், பார்த்தால் சொக்கிப்போவேன். ஆனாலும் அவற்றில் பல, ராகத்தைப் பெண்ணாகவோ ஆணாகவோ வர்ணிக்கும் செய்யுளை ஒட்டி வரைந்தவைதான்.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி செய்தது வேறு. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசைக் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து அவர் வரைந்த படத்தில், கறுப்பாக ஒரு பெரிய திட்டு இருக்கிறது, அது பியானோ. கேட்பவர்கள் வெறும் வளைகோடுகள். மிச்ச இடத்தையெல்லாம் மஞ்சள் அடித்துக்கொண்டு போகிறது, அதுதான் அரங்கை நிறைத்த சத்தம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். டச்சு ஓவியர் மோந்திரியான் 1940இல் நியூயார்க் வந்து, பூகி-வூகி என்ற துள்ளலான பியானோ இசையில் மயங்கி, தன் அடையாளமாகவே இருந்த கறுப்புக் கோடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மஞ்சள் பட்டைகளில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சதுரங்களை வைத்தார். கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போதே தாளம் வந்துவிடுகிறது.

எந்தச் சுரத்துக்கு எந்த நிறம் என்று கேட்பீர்கள். சி மேஜர் என்ற மேற்கத்தியச் சுர வரிசை, இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினுக்குச் சிவப்பு, இன்னொரு இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வெள்ளை. அவர்களுக்கே ஒத்துப்போகவில்லை, நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

சரி, வீட்டில் செய்து பார்ப்பதற்கு வரிகள் இல்லாத இசையாக எடுங்கள், ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஓர் ஆலாபனை போதும். பெரிய தாள், கரித்துண்டு. விரலால் அல்ல, தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். சுருதி கடைசிவரை கூடவே வருவதால், அதற்குத் தாள் முழுக்க லேசான சாம்பல் பூச்சை முன்பே போட்டுவிடலாம். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வரும்போது மணிக்கட்டைத் தளர்த்தினால் கோடு தானாக நடுங்கும். குரல் கீழே ஆழமாக இறங்கும் இடத்தில் கரித்துண்டைப் படுக்கவைத்து அழுத்துங்கள், கனம் அப்போதுதான் வரும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும், ஆரம்பத்தில் எல்லாரும் அங்கேயும் எதையாவது கிறுக்கி இடத்தை அடைத்துவிடுவார்கள்.

அப்புறம் அதே இசையை மறுபடி ஓடவிட்டு, முதல் தாளைப் பார்க்காமல் இன்னொன்றில் வரையுங்கள். இரண்டிலும் இசையின் ஒரே கட்டத்தில் கை அழுத்தியிருந்தால் பெரிய படத்தை அங்கிருந்தே தொடங்கலாம், நிறத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.