காலிக் கோட்டைக்குள் ஒரு வார இறுதி

அன்பார்ந்த நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வார இறுதியில் காலிக்குப் போய்வருவதென்றால் நம்மில் பெரும்பாலானோர் போடும் திட்டம் ஒன்றுதான். விடியற்காலையில் கொழும்பிலிருந்து வாகனத்தில் புறப்படுவது, உச்சி வெயிலில் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பது, வெளிச்சவீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது, பிற்பகலில் உனவட்டுனவுக்கோ மிரிஸ்ஸவுக்கோ போய்க் கடலில் குளித்துவிட்டு இரவோடு இரவாக வீடு திரும்புவது. இப்படிப் பார்க்கிறவர்களுக்குக் காலிக் கோட்டை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற இடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. சனிக்கிழமை இரவை மதிலுக்குள்ளேயே கழியுங்கள், சுற்றியுள்ள கடற்கரைகளை இன்னொரு விடுமுறைக்கு விட்டுவையுங்கள் என்பதுதான் இன்று நான் உங்களிடம் முன்வைக்கும் வேண்டுகோள். இரண்டு பகலும் ஓர் இரவும் அந்தக் கோட்டைக்குப் போதுமானவைதாம்; ஆனால் வேறொன்றுக்கும் அவற்றில் இடமில்லை.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை அந்தக் கரையை நனைக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களே மதிலின் மேல் நிம்மதியாக நடப்பதற்கு ஏற்றவை. ஆனால் அதே மாதங்களில்தான் வெளிநாட்டுப் பயணிகளும் வருவார்கள். போயா தினத்தோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறை என்றால் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆகையால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது அவசியம். கோட்டைக்குள் விலையுயர்ந்த விடுதிகள் மட்டுமே இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் தம் வீடுகளிலேயே ஓரிரு அறைகளை வாடகைக்கு விடுவதும் உண்டு. சிறிய குடும்பத்துக்கு அதுவே நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வருபவர்களில் பலர் எப்படியும் கொழும்பில் இறங்கித்தான் காலிக்குப் போவார்கள். அவர்கள் ஓரிரு மணி நேரத்தைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். காலிப் பயணம் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தேவந்துறையில் கோயில்கொண்டிருந்த தேனவரை நாயனாருக்கும் காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன்னும் வெள்ளியும் பட்டும் வாசனைத் தைலமும் தமிழில் வரிசையாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியர் வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்பே, தென்கரைக்கு வந்த ஒரு சீனத் தளபதி தமிழிலும் பேசியாக வேண்டியிருந்தது என்பதை அந்தக் கல்லின் முன் நின்று உணர்ந்துவிட்டுப் போகிறவர், காலியை ஒல்லாந்தர் கட்டிய ஊர் என்று மட்டும் பார்க்க மாட்டார்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து புகையிரதத்தில் செல்வதே என் விருப்பம். அதிவேக நெடுஞ்சாலைப் பேருந்து விரைவானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாலை உள்நாட்டு வழியாகச் செல்வதால் கடலைக் காட்டுவதில்லை. புகையிரதத்தில் தெற்கு நோக்கிச் செல்லும்போது வலப்பக்க ஆசனத்தைப் பிடியுங்கள். பல இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னர், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஒரு முழு வண்டியையும் பயணிகளோடு வாரிக்கொண்ட பெரலிய என்ற இடத்தைக் கடப்பீர்கள்.

நிலையத்திலிருந்து கோட்டை நடக்கும் தூரம்தான். பெரும்பாலோர் 1873இல் ஆங்கிலேயர் திறந்த பிரதான வாயில் வழியாக நுழைகிறார்கள். நீங்கள் சற்றுச் சுற்றினாலும் பரவாயில்லை, துறைமுகப் பக்கத்துப் பழைய வாயிலுக்குச் செல்லுங்கள். வெளிமுகப்பில் ஆங்கிலேய அரசின் சின்னம் இருக்கும். சுரங்கம் போன்ற அந்த வழியைக் கடந்து உட்புறம் வந்து திரும்பிப் பாருங்கள்: இரண்டு சிங்கங்களுக்கு நடுவே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்துகள், மேலே ஒரு சேவல், 1669ஆம் ஆண்டைக் குறிக்கும் ரோம எண்கள். 1588இல் போர்த்துக்கேயர் எழுப்பிய சிறிய அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருங்கோட்டையாக்கினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. புதிதாக வந்தவர்கள் வெளிப்புறத்தில் தம் சின்னத்தைப் பொறித்தார்களே தவிர, உள்ளே இருந்ததை அழிக்கவில்லை.

அந்த வாயிலருகிலுள்ள பழைய பண்டகசாலையில் கடல்சார் நூதனசாலை இருக்கிறது. 1659இல் காலிக் குடாவில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலைப் பற்றி அங்கே கேட்டறியலாம். அரச நூதனசாலைகள் ஞாயிறன்று மூடப்பட்டிருக்கக்கூடும் என்பதால், இவற்றைச் சனிக்கிழமை நண்பகலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது இன்னும் நல்லது. வெயில் உச்சியில் இருக்கும்போது கூரைக்குக் கீழே இருப்பதே புத்திசாலித்தனம். 1755இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயமும் அந்த நேரத்துக்கு உரியது. அதன் தரை முழுவதும் கல்லறைப் பலகைகள். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் அந்தக் கற்களில் செதுக்கப்பட்ட மண்டையோடுகளையும் குடும்பச் சின்னங்களையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் விரைவில் மறக்கமாட்டார்கள்.

மாலை நான்கரை மணிக்கு மதிலில் ஏறுங்கள். இதுதான் திட்டத்தின் நடுநாயகம், இதற்காகவே மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னேன். நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று பெயர் சூட்டப்பட்ட மூன்று கொத்தளங்கள் தரைப்பக்கத்தைக் காக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் காலடியில் விரியும். 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியது இந்த மைதானத்தில்தான். அதே மைதானத்தையும் அதை அடுத்திருந்த பேருந்து நிலையத்தையும் 2004இல் அலை சிதைத்தபோது, மதிலுக்குள் இருந்த வீடுகள் பெருமளவில் தப்பின என்பதை உள்ளே வாழ்பவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள்.

அங்கிருந்து கடலோரமாக மேற்கிலும் தெற்கிலும் நடக்கும்போது, மதிலின் சிதைந்த பகுதிகளில் குனிந்து பாருங்கள். கருங்கல்லுக்கு இடையே பவளப் பாறைத் துண்டுகள் இருக்கும். விரலால் தடவினால் பூவிதழ் போன்ற நுண்ணிய வரிகளும் துளைகளும் தட்டுப்படும். கடலைத் தடுப்பதற்குக் கடலிலிருந்தே கல்லெடுத்திருக்கிறார்கள். திரைட்டன் கொத்தளத்தில் ஒருகாலத்தில் இருந்த காற்றாலை, தெருக்களின் புழுதியை அடக்கக் கடல்நீரை இறைத்துக் கொடுத்தது. நகரின் கழிவுநீர்க் கால்வாய்களையோ கடலின் ஏற்றவற்றமே கழுவிச் செல்லுமாறு ஒல்லாந்தர் அமைத்திருந்தார்கள். இவ்வளவு கவனத்தோடு கட்டப்பட்ட நகரம் இன்றும் குலையாமல் நிற்பதற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அலைதடுப்பு அமைத்துப் பெரிய துறைமுகம் கட்டியதும் கப்பல்கள் காலியை விட்டு விலகின, இடித்துப் புதிதாகக் கட்டும் தேவை இங்கே குறைந்தது. 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சூரியன் ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையே மறையும். அப்போது மதிலின் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இருட்டியபின் விளிம்பில் நிற்க வேண்டாம், பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

ஞாயிறு காலையைத் தெருக்களுக்குக் கொடுங்கள். ஆறு மணிக்குக் கடைகள் திறந்திருக்காது, பயணிகளின் வாகனங்களும் வந்திருக்காது. தூண்கள் தாங்கிய திண்ணைகளில் வீட்டுக்காரர்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்கள். வெளிச்சவீட்டின் எதிரே உள்ள மீரான் பள்ளிவாசலை முதன்முறை பார்ப்பவர்கள் தேவாலயம் என்றே எண்ணுவார்கள். 1904இல் ஐரோப்பியப் பாணியில் கட்டப்பட்டது அது. தொழுகை நேரம் தவிர்த்து, உடலை மூடிய உடையோடு, அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். அந்தத் தெருக்களில் வாழும் முஸ்லிம் மக்களோடு நீங்கள் தமிழிலேயே பேசலாம். ஒரு வழிகாட்டியிடம் கிடைக்காத செய்திகள் அந்த உரையாடலில் கிடைக்கும். ஆனால் இது மக்கள் குடியிருக்கும் ஊர். திறந்திருக்கும் கதவு வழியே உள்ளே படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை.

ஞாயிறு மாலைப் புகையிரதங்களில் நிற்கவும் இடம் கிடைக்காது. ஆகையால் திரும்புவதற்கான ஆசனத்தையும் முன்பதிவு செய்யக்கூடிய வண்டியில் அப்போதே பதிந்துவிடுங்கள், அல்லது பகலுணவுக்குப் பின் உடனே புறப்படுங்கள். இம்முறை கடல் இடப்பக்கத்தில் இருக்கும்.

நன்றி. வணக்கம்.