ரயிலில் பைத்தான் ஆவணங்கள்: நான் செய்த தப்பும் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடும்

வணக்கம். பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் என்னால் பேச முடியாது.

போன மாதம் ரயிலில் போனேன். வழியில் சிக்னல் இருக்காது என்று தெரியும். அதனால் பைத்தான் என்ற நிரல் மொழியின் ஆவணங்களை ஜிப்பாக இறக்கிக்கொண்டுதான் ஏறினேன். ஒரு பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆவணத்தில் தேடினால் பைத்தானின் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் அதற்கென்றே 'பேட்ச்ட்' (batched) என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஆஹா என்று எழுதி ஓட்டினேன், எரர். எழுத்துப்பிழையா என்று பார்த்தேன், இல்லை. இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் உறைத்தது: நான் இறக்கியது 3.12 ஆவணம், லேப்டாப்பில் இருப்பது 3.10. பேட்ச்ட் வந்ததே 3.12-இல்தான். அதை அங்கேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

இப்போது ஃபோல்டர் பெயரிலேயே பதிப்பு எண்ணைப் போடுகிறேன். முதலில் டெர்மினலில் பதிப்பைப் பார்ப்பேன், அப்புறம்தான் பைத்தான் தளத்தின் டவுன்லோட் பக்கத்துக்குப் போவேன். அங்கே ஈபப், வெறும் டெக்ஸ்ட் எல்லாம் உண்டு. எனக்கு எச்டிஎம்எல்தான் பிடிக்கும், ஏனென்றால் நெட் இல்லாமலும் தேடல் பெட்டி வேலை செய்யும். ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி அந்தப் பக்கங்களை உருவாக்கும்போதே சொற்களின் அட்டவணையை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாகப் போட்டுவிடுகிறது. சர்வரே வேண்டாம். பைத்தான் ஆவணங்களுக்காகவே ஜார்ஜ் பிராண்டல் எழுதிய கருவி அது, 2008-இல் வெளியானது.

சரி, நீங்கள் தனியாக நிறுவிய லைப்ரரிகள்? அவை அந்த ஜிப்பில் இருக்காது. அதற்கு பைடாக் (pydoc) என்ற கருவி போதும், பைத்தானோடு கூடவே வருகிறது. டெர்மினலில் அதன் பெயரோடு மைனஸ் பி (-b) கொடுத்தால் பிரவுசரில் திறக்கும். உங்கள் மெஷினில் உள்ள கோடிலிருந்தே படிப்பதால் பதிப்பு மாறிப்போகும் பேச்சே இல்லை. ஆனால் கோடுக்குள் எழுதிய விளக்கம் மட்டும்தான் வரும், பாடம் போல எதுவும் கிடைக்காது.

நீங்கள் பங்களிக்கும் ப்ராஜெக்ட் என்றால் இன்னும் சுலபம். அதன் ரெப்போவை, அதாவது முழுக் கோடு இருக்கும் ஃபோல்டரை, எடுத்து, வேண்டிய பதிப்பைக் குறிக்கும் கிட் டேகுக்கு மாறி, டாக்ஸ் ஃபோல்டரில் மேக் எச்டிஎம்எல் (make html) என்ற கட்டளையைக் கொடுங்கள், ஸ்ஃபிங்க்ஸ் பக்கங்களை உருவாக்கிவிடும். நிறைய பைத்தான் ப்ராஜெக்ட்களில் இது நடக்கும். ஸ்ஃபிங்க்ஸை மட்டும் வீட்டிலேயே நிறுவிவிடுங்கள். ரயிலில் ஏறிய பிறகு நெட்டிலிருந்து இறக்கி நிறுவும் பிப் இன்ஸ்டால் கட்டளையை அடித்துப் பயனில்லை, அதையும் அடித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி பயணம். இதோ, வைஃபையை அணைத்துவிட்டேன். தேடல் பெட்டியில் பேட்ச்ட் என்று அடிக்கிறேன்... இட்டர்டூல்ஸின் அந்த ஃபங்ஷன் வரவில்லை. 3.10 ஃபோல்டர்தான்.